ஐந்து வருடப் பிணை

கோப்பாயில் நாங்கள் வெங்காயத் தோட்டம் செய்துகொண்டிருந்த காலம் அது. அப்போது போர்க்காலம்; குடாநாட்டை விட்டுப் போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டில் ஒருவர் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் வரும்வரை பிணை நின்றவர் வெளியே போக முடியாது. எங்கள் வீட்டில் பிணை நிற்க நான் ஒருவன்தான்.

தங்கைக்குச் சட்டம் படிக்க இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று கொழும்பில், மூன்று வருடம். மற்றது உதவிப் பணத்தோடு இங்கிலாந்திலும் பிரான்சிலுமாக ஐந்து வருடம். இரண்டு நாட்டுச் சட்டத்திலும் பட்டம் தருவார்கள். வெளிநாடுகளில் வழக்குப் பேசுவதுதான் அவளுடைய ஆசை.

நான் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டாள்.

“அண்ணை, எதை எடுக்கட்டும்? ஐஞ்சு வருசமெண்டால் நீங்களெல்லோ இஞ்சை கட்டுப்பட்டுக் கிடக்கவேணும்.”

பெரிய படிப்பை எடு என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்ற கூச்சத்தில் குனிந்து, அடுத்த பாத்திக்கு வரம்பை வெட்டினேன்.

“உங்கடை வாயிலையிருந்து ஒரு சொல்லு எடுக்க வழக்குப் போட்டுக் கோட்டிலைதான் ஓடர் வாங்கவேணும்,” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் தேநீர் கொண்டுவந்தவளிடம், “பெரிசை எடு பிள்ளை,” என்றேன்.

“நேற்றுக் கொழும்புக்குப் போன ஆளிட்டைக் கடிதம் குடுத்திட்டன் அண்ணை. மற்றதை வேண்டாமெண்டும் எழுதியாச்சு. உங்கடை முகத்தைப் பாத்த பிறகு எப்பிடி ஐஞ்சு வருசம் கேக்கிறது?”

மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வைத்தேன். ஐந்துக்கும் வைத்திருப்பேன் என்பதை அவள் இன்றுவரை நம்பவில்லை.