கீரைப் பாத்திக்கு வைத்த மூன்று செங்கல்

மருந்து வைத்து மரத்தைக் கொல்லலாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் ஒருவர்கூட வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேலத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் இல்லை. ஆனாலும் முடிவெடுத்தார்கள். முந்திரி பிஸ்கட் வந்தது, காபி வந்தது, முடிவும் வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஆவடியிலிருந்து வேப்பம்பட்டுப் பக்கம் போகிற டவர் லைனைப் பராமரிக்கும் இளநிலைப் பொறியாளர். கம்பிக்கு அடியில் முளைக்கும் ஒவ்வொரு முள்ளுக்கும் பதில் சொல்ல வேண்டியவள்.

பெரிய லைனுக்கு அடியில் மரம் வளரக் கூடாது. கிளை கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும். பாதி ஊர் இருட்டாகும், போனில் திட்டு வாங்குவது நானாக இருக்கும். அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஆள் விட்டு வெட்டுவோம். வெட்டுகிற ஒப்பந்தக்காரர் வேலிகாத்தானை முழங்கால் உயரத்தில் வெட்டுவார். ஏன் தரையோடு வெட்டக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். கத்தி மழுங்கிவிடுமாம். ஒரு தண்டு வெட்டிய இடத்தில் அடுத்த வருஷம் பத்துத் தண்டு வரும், பத்துத் தண்டுக்கும் மறுபடி ஒப்பந்தம் வரும் என்பதை நானாகத்தான் தெரிந்துகொண்டேன். அவர் முள்மரத்தை வெட்டவில்லை, பயிர் செய்துகொண்டிருந்தார்.

இதற்கு மாற்றாகத்தான் மருந்து. முறையைப் பழிக்க மாட்டேன், அது நல்ல முறை. உயரமாக வளரும் வேலிகாத்தானையும் சவுண்டல் மரத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்துத் தரையோடு வெட்ட வேண்டும். வெட்டிய கையோடு, வெட்டுவாய் காய்வதற்குள், கட்டையின் மேல் பிரஷால் களைக்கொல்லி பூச வேண்டும். பூசிய கட்டை எது என்று தெரிவதற்கு மருந்தில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். ஆவாரை, துளசி, அறுகு மாதிரியான குட்டைச் செடிகளைத் தொடவே கூடாது. அவை அடர்ந்து நின்றால்தான் மரக்கன்று தலைதூக்க இடம் கிடைக்காது. திரையில் படம் காட்டி விளக்கியவர் ‘தேர்ந்தெடுத்து’ என்ற சொல்லை மூச்சுக்கு மூச்சு சொன்னார். எங்கள் ஆட்கள் தேர்ந்தெடுத்தது ஒப்பந்தக்காரரை மட்டும்தான். அதே முழங்கால் ஒப்பந்தக்காரரை.

முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி இரண்டு டவருக்கு நடுவில் ஒரு கீரைத் தோட்டம் இருந்தது. அதை வைத்திருந்தவளை நான் கீரைக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வயது இருக்கும். பழைய ஊர்க் குடும்பம், ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் நெல் போட்டவர்கள். நிலம் மனையாகிப் போனபோது அண்ணன்மார் ரோட்டோரத்தை எடுத்துக்கொண்டு, கம்பிக்கு அடியில் கிடந்த துண்டைத் தங்கைக்குப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள். அங்கே வீடு கட்ட முடியாது, வாங்கவும் ஆள் வராது. கணவன் இறந்த பிறகு அவளுக்கும் படிக்கிற மகளுக்கும் சோறு போட்டது அந்தத் துண்டுதான், வேறு எதுவும் இல்லை. சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை என்று பாத்தி பாத்தியாகப் போட்டு, காலையில் கட்டுக் கட்டிக் குவார்ட்டர்ஸ் தெருக்களில் விற்பாள். அப்பாவின் தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கேயிருந்து இங்கே வந்து, கடைசிவரை இந்த ஊரைக் குறை சொல்லிக்கொண்டே இருந்த என் அம்மாகூட அந்தக் கீரையை மட்டும் குறை சொன்னதில்லை.

“கரண்டு மேல போவுது, கீரை கீழ வளருது. ஒண்ணுக்கொண்ணு சண்டையே இல்ல மேடம்” என்பாள் அக்கா.

மருந்து வரப்போகிறது என்று அவளிடம் சொன்னது நான்தான். “கட்டைக்கு மட்டும்தான் பூசுவாங்க அக்கா. உங்க கீரைக்கு ஒண்ணும் ஆகாது” என்று வாக்கும் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் எங்கள் அலுவலகத்தை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

முதல் நாள் நான் கூடவே நின்றேன். ஒருவர் வெட்ட, இன்னொருவர் உடனே பூச, வேலை பாடத்தில் சொன்ன மாதிரியே நடந்தது. இரண்டாம் நாள் வேலையின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வைத்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், முன்னேற்றம் அதோடு நின்றது. காலையெல்லாம் வெட்டிவிட்டு, டீ குடித்து, சாப்பிட்டு, மரத்தடியில் ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து காய்ந்த கட்டைகளுக்கு நீலம் பூசியிருந்தார்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசின மாதிரி பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பிரஷே இல்லை. முதுகில் ஸ்பிரேயர் மாட்டிக்கொண்டு நாலு பேர் வரிசையாக அடித்துக்கொண்டு போனார்கள். தொடவே கூடாத ஆவாரையெல்லாம் நனைந்து நின்றது.

வேலையை நடத்திய மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன். அவர் பதறவே இல்லை.

“ஒவ்வொரு கட்டையா குனிஞ்சு பூசிகினு இருந்தா பொங்கலுக்குத்தான் முடியும் மேடம். அடிச்சிகினே போனா நாலு நாள்ல முடிஞ்சிரும். எல்லாம் பச்சைதான?”

மேலதிகாரியிடம் போனேன். அவர் மேஸ்திரி சொன்னதையே நல்ல தமிழில் சொன்னார். பச்சையாக எதுவும் இருக்கக் கூடாது என்பதுதானே நம் நோக்கம் என்றார். கீரைத் தோட்டம் இருக்கிறது சார் என்றேன். நம் லைனுக்கு அடியில் கீரை போடச் சொன்னது யார் என்று கேட்டார். நிலம் அவளுடையது, கம்பிதான் நம்முடையது என்று சொன்னதும் கடிதமாக எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அந்தக் கடிதம் இன்னும் ஏதாவது ஒரு மேஜையில் நலமாக இருக்கும்.

நானே ஒரு பலகையில் ‘கீரைத் தோட்டம், மருந்து தெளிக்கக் கூடாது’ என்று எழுதி, அலுவலக முத்திரையும் குத்தி நட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அது மேஸ்திரியின் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருந்தது. படித்தீர்களா என்று கேட்டேன். “படிச்சோம் மேடம். நல்ல கெட்டியான பலகை” என்றார். அடுத்த நாள் காலையில் அவர்கள் கீரைப் பாத்திக்கு வந்துவிடுவார்கள்.

அன்று மத்தியானம்தான் அதைப் பார்த்தேன். அடித்துக்கொண்டே வந்த நாலு பேரும் ஓர் இடத்தில் சட்டென்று நின்றார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு பத்தடி தள்ளிச் சுற்றிப் போனார்கள். அங்கே ஒரு வேப்பமரம் நின்றது. அடிமரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அந்தத் தடத்திலேயே கம்பியை எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இருந்த மரம் அது ஒன்றுதான். வெட்ட வேண்டியதை விட்டுவிட்டீர்களே என்றேன்.

“அம்மா கீறாங்க மேடம். அங்க கை வெச்சா நம்ம குடும்பம் இன்னாத்துக்கு ஆவறது?” என்றார் மேஸ்திரி.

அலுவலக முத்திரைக்குக் கிடைக்காத மரியாதை ஐந்து ரூபாய் மஞ்சளுக்குக் கிடைக்கிறதே என்று எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. எரிச்சலோடு நிறுத்தியிருக்கலாம்.

நேராக அக்காவிடம் போனேன். டவர் அடித்தளத்தைச் சரி செய்தபோது மிச்சமாகிக் கிடந்த செங்கல்லில் மூன்றை எடுத்துப் பாத்தி ஓரத்தில் நட்டு, மஞ்சள் குங்குமம் வையுங்கள், ஒருத்தனும் கிட்ட வரமாட்டான் என்றேன்.

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. “இல்லாத சாமிய வெச்சு ஏமாத்தச் சொல்றியா மேடம்? எனக்கு பயமா கீது.”

“நாலு நாள்தான் அக்கா. அவங்க தாண்டிப் போனதும் எடுத்துடலாம்” என்றேன். படித்தவளுக்கே உரிய திமிரோடு சொன்னேன். மேலதிகாரி என்கிற ஒரு முட்டாளை ஏமாற்ற மேஸ்திரி என்கிற இன்னொரு முட்டாளின் பயத்தைப் பயன்படுத்துகிறோம் என்ற நினைப்பு. அந்தக் கணக்கில் நான் எங்கே இருந்தேன் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் நான் சொன்னபடியே நடந்தது. மூன்று செங்கல்லையும் கண்டதும் செருப்பு கழன்றது, ஸ்பிரேயர் மூடிக்கொண்டது, நாலு பேரும் தோட்டத்தையே சுற்றிக்கொண்டு போனார்கள். கீரையில் ஒரு இலைகூட வாடவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு கட்டு அரைக்கீரை கொடுத்தாள். அன்றைக்கு வீட்டில் என் புத்திசாலித்தனத்தைப் பருப்போடு சேர்த்துக் கடைந்து சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன், செங்கல் அங்கேயே இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்றேன்.

“யாரோ வெளக்கேத்திட்டுப் போயிருக்காங்க மேடம். அந்த மேஸ்திரியே எலுமிச்சம்பழ மாலை போட்டுகினு போனாரு. இப்ப எப்டி எடுக்கறது?”

அதன் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் அலுவலகம் பார்த்தே இராத வேகத்தில் நடந்தது. தை பிறப்பதற்குள் தகரக் கூரை வந்துவிட்டது. கூரைக்கு முன்னால் ஆளுயரத்தில் இரும்புச் சூலம் வந்தது. யாரோ ஒருவர் கனவில் அம்மனே வந்து, கீரைக்கு நடுவில் குடியிருக்கிறேன் என்று சொன்னாளாம். கனவு கண்டவர் அந்தப் பக்கத்தில் மனை விற்கிற புரோக்கர். அவரே கோயில் கமிட்டித் தலைவரும் ஆனார். விற்காத மனைகள் திடீரென்று கோயிலுக்கு அருகிலுள்ள மனைகள் ஆகிவிட்டன.

உயர் அழுத்தக் கம்பிக்கு அடியில் தகரமும் சூலமும் வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் தயாரித்துக்கொண்டு போனேன். இதெல்லாம் உணர்வு சம்பந்தப்பட்ட விஷயம், விட்டுவிடுங்கள் என்றார் மேலதிகாரி. கீரைக்கு உணர்வு கிடையாது போலிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அவரே குடும்பத்தோடு வந்து குங்குமம் வாங்கிக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வைகாசியில் ஒருநாள் டவரைப் பார்வையிடப் போயிருந்தேன். கமிட்டித் தலைவர் நாலைந்து பேரோடு அக்காவின் பாத்தி வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“ஆடி மாசம் கூழு ஊத்தணும், ஜனம் உக்கார எடம் வோணும். அம்மாவா தேடி வந்து உக்காந்த எடம் இது. அவளே கேக்கும்போது இல்லைன்னு சொல்லுவியாம்மா நீ?”

அக்காவால் என்ன சொல்ல முடியும்? அம்மன் தேடி வரவில்லை, நான்தான் மூன்று செங்கல்லை நட்டேன் என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சொன்னால் அவளை உயிரோடு விடுவார்களா? அவள் என்னைப் பார்த்தாள். வைக்கச் சொன்னது நான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அரசாங்க அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, என்னை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். நான் டவரின் எண் பலகையை நிமிர்ந்து பார்த்து, ஆறு வருஷமாக எனக்கு மனப்பாடமான அந்த எண்ணை நோட்டில் கவனமாக எழுதிக்கொண்டேன். மேலதிகாரியையும் மேஸ்திரியையும் இத்தனை ஏளனம் செய்கிறேனே, அன்றைக்கு அங்கே நின்றவர்களில் கேவலமான ஆள் நான்தான்.

ஆடி பிறந்தது. கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள் போனேன். பாத்தி மொத்தமும் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. தண்டுக்கீரை துவண்டு தரையில் ஒட்டியிருந்தது. நாலைந்து நாள் முன்னால் புல்லு மருந்து வாங்கி அடித்திருக்கிறார்கள். அடித்தவர் எங்கள் அதே மேஸ்திரி. பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

“அம்மா எடம் மேடம், சுத்தமா இருக்கணும்னாங்க. கூலிகூட வாங்கிக்கல, நம்ம சேவை” என்றார்.

பக்தியோடு அடித்திருந்தார். ஒரு செடி தப்பவில்லை. எங்களுக்கு ஒருநாளும் இத்தனை சுத்தமாக வேலை செய்ததில்லை. அந்தப் பக்கம் டவருக்குக் கீழே, காய்ந்த பிறகு நீலம் பூசப்பட்ட வேலிகாத்தான் கட்டைகள் ஒவ்வொன்றும் பத்துப் பத்துத் தண்டு விட்டுத் தளதளவென்று நின்றன.

அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அதற்குள் கமிட்டித் தலைவர் வந்தார். செத்துக் கிடந்த கீரையின் மேல் நின்றுகொண்டு சொன்னார்.

“நாளைக்குக் கூழுக்குத் தொட்டுக்க உன் கீரைதாம்மா. அம்மன் கீரைன்னு ஜனம் ஆசையா கேக்குது. ஒரு நூறு கட்டு குட்த்துடு.”

அவர் கிண்டல் செய்யவில்லை. காலடியில் கிடப்பது என்னவென்று அவருக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. சொல்லிவிட்டு மைக் செட்காரரைத் திட்டப் போய்விட்டார்.

அக்கா கூரைக்குள் இருந்த மூன்று செங்கல்லையும் பார்த்தாள். யாரோ புதிதாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நிஜமாகவே பதில் வேண்டும் என்பவள் மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

“மருந்துக்கு சாமி வெக்கச் சொன்னே, வெச்சேன். இந்த சாமிக்கு இன்னாத்த வெக்கறது, சொல்லு மேடம்.”