அரோகராவுக்கு முன் ஒரு வெறும் இலை

குணலட்சுமிக்கு ஊர்ப் புதினம் தெரியாவிட்டால் சோறு செமிக்காது. பொலிகண்டிக் கரையில் யாருடைய வள்ளம் விலைப்பட்டது, யாருடைய மருமகள் ஏன் தாய்வீட்டுக்கு வந்து நிற்கிறாள், எதையும் அவளிடம் கேட்டால் போதும். வெள்ளிக்கிழமைகளில் சந்நிதி முருகன் கோவிலடி மடமொன்றில் அன்னதானச் சோறு பரிமாறுகிறாள். அது நேர்த்திக்கடன் பாதி, புதினம் பாதி. இலைக்கு முன்னால் இருக்கும் சனத்தைப் பார்த்தே, இவர் சுகமில்லாதவர், இவர் லண்டனிலிருந்து வந்தவர், இது புதுச்சோடி என்று பிடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஏழு வருடமாக விடை தெரியாத கேள்வி ஒன்று இருந்தது. சொந்தத் தமையன் தம்பிராசா ஏன் அப்படிச் செய்தார்?

புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்ட நாளிலிருந்து, அவளுடைய மகள் ஆரபியைத் தகப்பனுக்குத் தகப்பனாய் நின்று வளர்த்தவர் அவர். சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். கலியாணத்தையும் அவரே முன்னின்று பேசினார். கலியாண எழுத்துக்கு இரண்டு நாள் இருக்க, மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் போய், பிள்ளைக்கு வலிப்பு வருத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். ஆரபிக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. மாப்பிள்ளையின் தாய் இவர்கள் வாசலில் வந்து நின்று, கலியாணம் வேண்டாமென்று சொல்லி, "உங்கடை தமையன்தான் வந்து சொன்னவர்" என்றபோது குணலட்சுமி சிரித்தாள். பகிடி என்று நினைத்துவிட்டாள். தமையனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, படலையைத் திறந்து போனவர்தான்.

ஊர் சும்மா இருக்குமா? பெண்சாதி தூண்டிவிட்டாள் என்றார்கள். எரிச்சல் என்றார்கள். மாப்பிள்ளையைத் தன் மகளுக்குத் தட்டிப் பறித்தார் என்றும் சொல்ல ஏலாது. அவருக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். ஒரு காரணமும் பொருந்தவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையே நன்மை தின்மைக்குப் போய்வருவது நின்றது. ஒரு மிடறு தண்ணீர்கூட மாறிக் குடிப்பதில்லை.

ஆரபி சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழும்பவில்லை. வாயில் எதை வைத்தாலும் துப்பினாள். கடைசியில் குணலட்சுமி அவளைச் சந்நிதிக்குக் கூட்டிவந்து மடத்திலேயே தங்கினாள். ஒரு மத்தியானம், பந்தியில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனுசி, "சாப்பிடு மோனை, ஆறப்போகுது" என்று சொல்ல, பிள்ளை ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தது. தாய் அங்கேயே இருந்து அழுதாள். அன்றைக்கு வைத்த நேர்த்திதான் இந்தப் பரிமாறல். ஆரபி தேறி, தானே விரும்பியவனைக் கட்டி, இப்போது யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் தான் பெற்ற துடியாட்டப் பெடியனோடு மல்லுக்கட்டுகிறாள். விசாரிக்காமல் போன மாப்பிள்ளை வீட்டாரைக்கூடக் குணலட்சுமி மன்னித்துவிட்டாள். முருகனிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள்: "எல்லாரையும் விட்டிட்டன் அப்பனே. அந்தாளை மட்டும் நீ பாத்துக்கொள். என்னைக் கேக்காதை."

முருகன் கேட்டார். ஆவணி மாதத்து வெள்ளி ஒன்றில் கேட்டார்.

அன்றைக்குச் சரியான சனம். சோற்று வாளியோடு வரிசையால் வந்தவளின் கண்ணில், குனிந்திருந்த ஒரு மெலிந்த மனிதரின் உச்சந்தலை பட்டது. எங்கேயோ கண்ட தலை. ஆராயிருக்கும் என்று அவளுடைய மூளை வழக்கம்போல் வேலை தொடங்கியது. பிறகு பெருவிரலில் தூண்டில் கிழித்த தழும்பைக் கண்டாள். தம்பிராசா! மூன்று வள்ளத்துக்காரர், கோவில் கூட்டங்களில் முன் கதிரையில் இருப்பவர், சீமெந்துத் தரையில் சம்மாணம் கட்டிக்கொண்டு இருந்தார். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் இலைமேல் வைத்தார்.

குணலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையால் வாங்கித் தின்னமாட்டாராமோ? நல்லது. அகப்பையைத் திருப்பி அடுத்த இலையில் போட்டாள்.

அந்த மடத்தில் ஒரு முறை உண்டு. எல்லா இலையிலும் சோறு கறி விழுந்து, பரிமாறலுக்குப் பொறுப்பான கந்தப்பு "அரோகரா" சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம். சோறில்லாத இலையில் எதை ஊற்றுவதென்று கறிக்காரரும் தாண்டிப் போய்விட்டார்கள். கந்தப்பு வரிசையை நோட்டம் விட்டார். அரோகராவுக்குத் திறந்த வாயை மூடினார்.

"குணம், அங்கை ஒரு இலை வெறுமையாக் கிடக்கு."

"அவருக்கு வேண்டாமாம்."

"வாய்விட்டுச் சொன்னவரோ?"

அவர் சொல்லவில்லைதான். பந்தி முழுதும் காத்திருந்தது. ஒரு குழந்தை அப்பளத்துக்குக் கை நீட்ட, தாய் அந்தக் கையில் தட்டினாள். யாரோ செருமினார்கள். பூசணிக்காய்க் கறி ஆறிக்கொண்டிருந்தது. பந்தி வஞ்சகம் செய்தவளுக்கு நேர்த்தி ஒரு கேடா என்று குணலட்சுமிக்கே பட்டது. அதைவிட வேறொன்று அவளை அரித்தது. சாப்பிட விருப்பமில்லாத மனுசன் பந்தியில் வந்து ஏன் இருக்கவேண்டும்?

திரும்பி நடந்து அவருக்கு முன்னால் குனிந்தாள். கிட்டப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கைகள் நடுங்கின. அந்த நடுக்கத்தை அடக்கத்தான் மனுசன் இலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறார்.

"கையை எடுங்கோ அண்ணை. சனம் பசியோடை இருக்குது."

ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த முதற் பேச்சு. அவர் கையை எடுத்தார். அவள் சோற்றைப் போட்டாள். கந்தப்பு தானே வந்து பருப்பை ஊற்றிவிட்டு, பெரிதாக "அரோகரா" என்றார். மண்டபமும் சேர்ந்து சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தது.

அவள் நகரவில்லை.

"எப்ப தொடக்கம் இஞ்சை வாறியள்?"

"மாசி தொடக்கம். வெள்ளிக்கு வெள்ளி. உன்ரை பக்கம் இருக்கிறேல்லை. இண்டைக்கு அங்காலை இடமில்லை."

இத்தனை வெள்ளியாக, அவளுக்கே தெரியாமல் இப்படியும் ஒரு புதினம்!

"ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்?"

தம்பிராசா சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. "பிள்ளையை அனுப்ப மனமில்லாமலோ, எரிச்சலோ... எனக்கே பிடிபடேல்லைப் பிள்ளை. அதைக் கேக்கத்தான் முருகனிட்டை வாறனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

ஏழு வருடத்தில் அவள் எத்தனையோ காரணத்தைத் தானே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுடுசொல் தயாராக வைத்திருந்தாள். இதற்கு ஒன்றும் இல்லை. காரணம் தெரிந்தால்தான் மன்னிக்கலாம் என்று நினைத்திருந்தவள். தெரியாமலேயே நெஞ்சு இளகிப் போயிற்று. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெரிய ஆறுதலாகவும் இருந்தது. வாளியிலிருந்து இன்னொரு அகப்பை அள்ளிப் போட்டாள்.

"சொன்னாரெண்டா எனக்கும் சொல்லுங்கோ. வாற வெள்ளி என்ரை பக்கமா இருங்கோ. ஆரபியும் பெடியனைக் கொண்டு வாறாள்."

தம்பிராசாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"என்னோடை கதைப்பாளோ?"

"அது எனக்கும் தெரியாது அண்ணை," என்றாள் குணலட்சுமி. "வந்து பாருங்கோ."