காலையில் தூங்கிய ஸ்டோர்

நெய்வேலியில் கன்வேயர் பெல்ட் பழுதுபார்க்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் ஸ்டோரில், பொருள் கொடுக்கும் ஜன்னல் கண்ணகியின் ராஜ்ஜியம். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட இளகல். முதல் ஷிப்ட் தொடங்கியதும் பேரிங்குக்கும் போல்டுக்கும் பெல்ட்டைப் பழுதுபார்க்கும் பிட்டர்கள் ஜன்னலை மொய்ப்பார்கள். பெல்ட் நின்று கிடக்கும்போது எவன் எடுக்கிற பொருளுக்கெல்லாம் ஸ்லிப் எழுதிக்கொண்டு நிற்பான்? "எடுத்துகினு போங்க, அப்புறம் எழுதிக்கலாம்" என்று அள்ளிக் கொடுத்துவிடுவாள். உதவிக்கு இருக்கும் வீரம்மாள் ரேக்குக்கும் ஜன்னலுக்கும் ஓடி ஓடியே ஓய்ந்துபோவாள். ஷிப்ட் முடியும் நேரத்தில் எல்லோரும் ஸ்லிப்போடு வருவார்கள். கண்ணகி உட்கார்ந்து மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஏற்றுகிற நேரமே பொருள் போன நேரமாக அதில் பதிவாகும். இப்படித்தான் வருஷங்கள் ஓடின. கண்ணகியக்கா என்றால் போதும், காரியம் நடக்கும்.

அந்த நல்ல பெயர்தான் வினையாக வந்தது. ஸ்டோரில் நேரம் எங்கே வீணாகிறது என்று பார்க்க, வெண்மதி என்ற இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்தாள். ஸ்டோரை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி, கண்ணகி ஏற்றிய நேரங்களைக் கொடுத்து, அதற்குள் ஒரு பொய் ஷிப்டை ஓட்டிக் காட்டினாள். சிமுலேஷனாம். திரையில் காலை முழுக்க ஜன்னல் ஈயோட்டிக்கொண்டிருந்தது. கடைசியில்தான் பொம்மை ஆட்கள் திபுதிபுவென்று வந்து முட்டினார்கள்.

மேனேஜர் சிவப்பிரகாசம் அங்கேயே முடிவு கட்டினார். "காலையில ஒரு ஆள் போதும்மா. அடுத்த காண்ட்ராக்ட்ல வீரம்மாள நிறுத்திடலாம். இப்போ அவங்ககிட்ட சொல்லாதீங்க."

பக்கத்தில் நின்ற கண்ணகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலையில வந்து பாருங்க சார், மூச்சு வுட நேரமிருக்கான்னு!"

வெண்மதி கோபப்படவில்லை. "நீங்க ஏத்துன நேரத்தைத்தானே அக்கா அது காட்டும்? ஒரு வாரம் பொருள் கொடுக்கும்போதே ஏத்துங்க. மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்."

சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டாள். மாட்டிக்கொண்டு முழித்தவள் கண்ணகி. ஸ்லிப் இல்லாமல் ஒரு வாஷர்கூடக் கிடையாது என்று மறுநாள் அவள் சொன்னதும் வரிசை வாசல்வரை நீண்டது. "அக்காவுக்குப் பதவி வந்துடுச்சிடா" என்றான் ஒருவன். "நேத்துவரைக்கும் நல்லாத்தான இருந்தீங்க?" என்றான் குமரவேல், தினம் அவளிடம் டீ வாங்கிக் குடிக்கிறவன். வடலூர்ச் சந்தையில்கூட ஒரு பிட்டரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். யாருக்காக இந்தப் பாடு என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. கண்ணகி பல்லைக் கடித்துக்கொண்டு தட்டச்சு செய்தாள்.

வாரத்தின் கடைசி நாள் வீரம்மாளே பிட்டராக இருக்கும் தன் கொழுந்தன் அன்புமணியைப் பின்கதவு வழியாகக் கூட்டி வந்தாள். அவன் கையில் பேரிங்.

"அக்கா, நம்ம வூட்டு ஆளு. ஸ்லிப்பு சாயந்திரம் குடுத்துடும்."

கண்ணகி வெடித்தாள். "அடியே, ஒனக்காகத்தான்டி ஊரே என்னைக் கரிச்சிக் கொட்டுது! காலையில நீ வேணான்னு அந்தப் பொட்டி சொல்லிடுச்சி. ஒன் வேலையக் காப்பாத்தத்தான் ஒவ்வொருத்தனோடயும் மல்லுக்கு நின்னுகினு கெடக்கேன். நீயே வந்து குழி பறிக்கிற!"

வீரம்மாள் அவன் கையிலிருந்த பேரிங்கை வாங்கி மேசைமேல் வைத்தாள். அன்புமணி குனிந்து ஸ்லிப் எழுதினான்.

வெண்மதி மறுபடி ஓட்டினாள். இந்தமுறை திரையிலும் காலையில் கூட்டம் நெரிந்தது. ஒரு ஆளைக் குறைத்துப் பார்த்தாள். மதியம்வரை வரிசை கரையவில்லை. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு, வீரம்மாள் இருக்கட்டும் என்றார்.

கண்ணகி ஓடிவந்து சொன்னாள். போல்டு அடுக்கிக்கொண்டிருந்த வீரம்மாள் திரும்பவில்லை.

"வேல போனா போவுதுக்கா, வேற எடம் பாத்துக்குவேன். ஒரே டப்பாவுல சோறு தின்னுகினு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ?"

ஜன்னலில் யாரோ கூப்பிட்டார்கள். கண்ணகி போய் ஸ்லிப்பை வாங்கினாள்.