துணைக்கு ஓடியவள்

என்னைப் பாராட்ட வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பழக்கம். தலையைத் தடவுவார்கள். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணின் தலையை, முன்பின் தெரியாத ஆள், கேட்காமல் கொள்ளாமல் தடவுவான். அந்தக் கையில் மீன் வறுவல் வாடை அடிக்கும். பிறகு போட்டோ. "இங்கோட்டு நோக்கு மோளே" என்பான், இந்தப் பக்கம் பார் மகளே என்று. எனக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லித்தான் என்னை மேடைக்கே கூட்டி வந்திருப்பான். சீ, என்ன ஜென்மங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தப் போட்டோக்களில் நான் நன்றாகச் சிரிப்பதாகச் சொல்கிறார்கள்.

நான் இருநூறு மீட்டர் ஓடுகிறவள். பள்ளிவாசல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறேன். மூணாறு போகிற வழியில் ஒரு விடுதியில் போன் எடுக்கிற வேலை. சீசன் முடிந்தால் "அப்புறம் கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். தேசியப் போட்டியில் ஒரு மெடல் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தர வேலைக்கு மனு போடலாம். அதற்கு மாநிலப் போட்டியில் முதலில் வரவேண்டும். என் பிழைப்பு அந்த ஒரு ஓட்டத்தில் இருந்தது.

என்னைப் போன்றவர்கள் தனியாக ஓடுவதில்லை. கண் தெரிந்த ஒருவர் கூடவே ஓடுவார். இரண்டு பேர் கையையும் ஒரு சின்னக் கயிறு சேர்த்திருக்கும். என்னோடு பதினொரு வருஷம் ஓடியவள் அடுத்த வீட்டுக்காரி, கொழுந்து பறிக்கிறவள். எந்தப் பயிற்சியாளரிடமும் போய் நின்றவளில்லை. தேயிலைச் செடியின் வரிசையை எங்கள் பக்கம் நிரை என்போம். மைதானத்தில் நான் ஓடும் பாதையும் அவளுக்கு நிரைதான். "நெர வளையுது", "நெர நேராச்சு". ஓடும்போது வேறு பேச்சே கிடையாது. எல்லைக்கோடு நெருங்கியதும் "விட்டேன்" என்று சொல்லி அரை அடி பின்தங்குவாள். துணைக்கு ஓடுகிறவர் எனக்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் அந்த ஓட்டமே செல்லாது. அந்த அரை அடிக்காக, வேலைக்குப் பேர் கொடுக்கும் முன், விடிந்தும் விடியாமலும் எஸ்டேட் மைதானத்தில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். நான் சுணங்கினால் அவள் வாயில் விழுவது கொஞ்சநஞ்சமல்ல.

மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் பார்வையற்றோர் விளையாட்டுச் சங்கத்துச் செயலாளர் என்னை ஆபீசுக்கு வரச்சொன்னார். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார். அவருடைய அண்ணன் மகன் கல்லூரியில் நூறு மீட்டர் ஓடுகிறவன். துணைக்கு ஓடுகிறவருக்கும் மெடல் உண்டு, சர்ட்டிபிகேட் உண்டு. பையனுக்கு அது தேவைப்பட்டது. இதையா வாய்விட்டுச் சொல்வார்? பூவன்பழத்தை உரித்து என் கையில் வைத்தார். "மோளே, எல்லாம் நின்னோட நன்மைக்குத்தான். அந்தக் கொழுந்துக்காரி போதாது."

கடிதத்தை முன்பே டைப் அடித்து வைத்திருந்தார். வாசித்தும் காட்டினார். இதுவரை என்னோடு ஓடியவருக்கு என் அளவு வேகம் இல்லை, அவரால் என் ஓட்டம் கெடுகிறது, என் சொந்த விருப்பத்தின்பேரில் ஆளை மாற்றித் தரவேண்டும்.

"ஒப்பிட்டில்லெங்கில் லிஸ்டில் பேரு காணில்லா, கேட்டோ" என்றார். கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் என் பெயர் இருக்காது.

பேனாவை என் விரலில் சொருகி, கையைப் பிடித்துத் தாளில் வைத்தார். அந்தக் கை ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. போட்டேன். ஒரு கையில் பழத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போட்டேன். கர்மம், அந்தப் பழத்தைத் தின்றும் தொலைத்தேன்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "என்னட்டி சொல்லுதாரு?"

"சங்கத்துல ஆள மாத்திட்டாங்களாம்."

"சரி, விடு" என்றாள். போட்டிக்குக் கிளம்பிய அன்று புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டாள். எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

போட்டி பாலக்காட்டில். பையன் உடம்பெல்லாம் சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தான், குமட்டியது. மூன்று வாரத்தில் மூன்றே நாள்தான் என்னோடு ஓடிப் பழகியிருந்தான். ஆனாலும் அன்று என் கால் ஓடியது. வளைவு முடிந்தபோது முன்னால் காலடிச் சத்தமே இல்லை, எல்லாம் பின்னால். கடைசியில் கயிறு வெடுக்கென்று முன்னால் இழுத்தது. கோட்டைக் கண்டதும் அவன் நெஞ்சை முன்னால் தள்ளிப் பாய்ந்துவிட்டான். நூறு மீட்டர்க்காரன் பழக்கம். எனக்கு முன்னால் அவன் போய்ச் சேர்ந்தான். கைதட்டல் அடங்குவதற்குள் மைக்கில் சொல்லிவிட்டார்கள், எங்கள் ஓட்டம் செல்லாது என்று.

செயலாளர் ஓடி வந்தார். முதலில் பையனைத்தான் கேட்டார், கால் பிசகியதா என்று. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் லேட்டாயிப்போயி" என்றார். நான்தான் பிந்திவிட்டேனாம். மலை ஏறும் பஸ்ஸில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். வளைவுக்குத்தான் என்று நினைத்துக் கண்டக்டர் எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

அந்த ஆளையும் அவன் அண்ணன் மகனையும் நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. ஆனால் அவர்களைத் திட்டி முடித்த பிறகும் கசப்பு போவதில்லை. கையெழுத்து என்னுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக் குழாயடியில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

"சங்கத்துல மாத்துனாங்கன்னு சொன்னது பொய்யிட்டி. நான்தான் எழுதிக் கொடுத்தேன். வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்குனாங்க."

"தெரியும்." துணி அடிக்கிற சத்தம் நிற்கவில்லை. "மறுவாரமே அந்தக் கடுதாசியில ஒரு காப்பி எனக்கும் வந்துச்சு. எனக்கு வேகம் பத்தாதுன்னு எழுதியிருந்துச்சு."

அப்படியென்றால் பஸ் ஏற்றிவிட்ட அன்றே அவளுக்குத் தெரியும்.

"தெரிஞ்சுமா சோறு கட்டிக்கிட்டு வந்த? எதுக்குட்டி வந்த?"

துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"கண்ணு தெரியாத பிள்ள, பாவம், தனியா எப்படிப் போவும்னுதான் வந்தேன்."

பதினொரு வருஷத்தில் என்னைச் சோம்பேறி என்றிருக்கிறாள், எருமை என்றிருக்கிறாள், மூதேவி என்றிருக்கிறாள். பாவம் என்று அன்றுதான் சொன்னாள்.