ரெண்டு பொட்டலமும் ஒரு ஜோடி சப்பாத்தும்

தம்போயில் கணவர் வீட்டை விட்டு வரும்போது நான் ஒரு பீங்கான் தட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மாசாயில் அடுக்குமாடி வீடு கிடைத்த பிறகும் வாங்கவில்லை. பீங்கான் உடையும். உடைந்த விளிம்பு எப்படிக் கிழிக்கும் என்று என் வலது முழங்காலுக்குத் தெரியும். மகள் வரும் நாட்களுக்காக ரப்பர் போல வளையும் தட்டு இரண்டு வாங்கினேன். மற்ற நாட்களில் கடையில் சோறு மடித்துத் தரும் பழுப்புத் தாளிலேயே சாப்பிட்டேன். தாளை எடுத்து யாரும் யார் மேலும் எறிய முடியாது.

என் திருமணத்தில் சாப்பாட்டு நேரம்தான் அடிக்கிற நேரம். அவர் தம்போயில் ஓர் இரும்புப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்தார். வீட்டுக்கு வந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை எதுவும் நடக்காது. அதற்குப் பிறகு எதுவும் நடக்கலாம். அதனால் அவர் வருவதற்கு முன்பே அடுப்படியில் நின்றபடி, மெல்லாமல், விழுங்கிவிடப் பழகினேன். அடி வாங்கும்போது வயிற்றில் ஏதாவது இருப்பது நல்லது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

எழுதும்போது இப்போதும் 'அவர்' என்றுதான் கை போகிறது. அடித்த இடங்களில் மட்டும் 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன். பிறகு மகள் ஒருநாள் இதைப் படிப்பாளே என்று நினைத்து அழித்துவிட்டேன். அழித்தது சரியா என்று தெரியவில்லை.

கடைசி நாளன்று மீன் குழம்பு. ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அக்கா வாங்கித் தந்த மண்சட்டியில் வைத்திருந்தேன். அவர் அதைச் சுவரில் அடித்தார். சுவருக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். உடைந்த சட்டியின் ஓடு ஒன்று அவள் காதைக் கீறிக்கொண்டு போனது. குழம்பும் ரத்தமும் ஒரே நிறத்தில் இருந்ததால் எவ்வளவு கீறியிருக்கிறது என்று எனக்கு உடனே தெரியவில்லை. கழுவிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த வாரமே கிளம்பிவிட்டேன்.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. விடியும் முன் கிளம்ப வேண்டும். அதனால் மகள் வாரநாட்களில் அக்காவிடம் இருந்தாள்; சனி, ஞாயிறு என்னிடம் வந்தாள். அவளை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கு அப்போதே ஆரம்பித்திருந்தது. பெற்ற பிள்ளையை வாரத்தில் ஐந்து நாள் பிரிந்திருக்கிறேனே, இதுவே எனக்கு எதிராகப் போகுமோ என்று தினமும் நினைத்தேன். அவளை அழைத்து வந்து யாரிடம் விடுவது என்றும் தினமும் நினைத்தேன்.

இப்படித்தான் வாரத்தில் ஐந்து நாள் தனியாக வாழ்ந்தேன். தனியாக வாழும் பெண் என்பதை யாருக்கும் காட்டக்கூடாது என்பதுதான் அந்த வாழ்க்கையின் முதல் விதி. வேலையிடத்துத் தோழி ஒருத்தி, தானும் தனியாக இருப்பவள், சொல்லித் தந்தாள்.

"வாசல்ல ஒரு ஆம்பள சப்பாத்து போட்டு வைடி. புதுசு வாங்காத, தூக்கிட்டுப் போயிருவானுங்க. பழசா, பெருசா இருக்கணும்."

"பழசுக்கு எங்க போவேன்?"

"பழைய புருஷன்கிட்ட கேளு," என்று சிரித்தாள்.

கேட்கத் தேவையிருக்கவில்லை. நான் அவசரத்தில் வாரிக்கொண்டு வந்த கூடையின் அடியில், என் செருப்புகளோடு, அவர் போட்டுத் தேய்த்துத் தூர வைத்திருந்த பட்டறைச் சப்பாத்து ஒரு ஜோடி வந்திருந்தது. முனையில் இரும்பு வைத்த தோல் பூட்ஸ். அந்த இரும்பை என் இடுப்பெலும்புக்கு நன்றாகத் தெரியும். குப்பையில் போடத்தான் எடுத்தேன். பிறகு வாசலில் வைத்தேன்.

இரண்டாவது விதியை நானே கண்டுபிடித்தேன். எங்கள் மாடிக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். கடைக்காரருக்கு என் மூத்த அண்ணன் வயது இருக்கும். முதல் நாள் அவர் கேட்டார்.

"இங்கயா தங்கச்சி, புங்குஸா?"

கட்டிக்கொண்டு போவதற்கு இங்கே எல்லா இனமும் சொல்லும் சொல் அது. புங்குஸ் என்றேன்.

"எத்தன?"

பக்கத்து மேசையில் இருந்த இரண்டு ஆண்கள் தேத்தண்ணியைக் கலக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒன்று என்று சொல்ல வாயெடுத்து, "ரெண்டு" என்றேன். கரண்டிகள் மறுபடி சுற்ற ஆரம்பித்தன.

அன்றிலிருந்து தினமும் இரண்டு. ஒன்று கோழியோ முட்டையோ போட்டது, எனக்கு. மற்றது ஓர் ஆண் சாப்பிடுவது போல இருக்க வேண்டும் அல்லவா. ஆட்டுக்கறி, குழம்பு கெட்டியாக, சோறு கூடுதலாக, பச்சை மிளகாய் தனியாக. யோசிக்காமலே வாயில் வந்தது. எனக்குத் தெரிந்த ஆணின் நாக்கு அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனதும் கதவுக்கு முதுகு கொடுத்துத் தரையில் உட்கார்ந்து என் பொட்டலத்தைச் சாப்பிடுவேன். மெல்லுவதற்கு நேரம் இருக்கிறது என்று வாய்க்குப் புரிய மாதங்கள் ஆயின. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தாலும் கை சோற்றோடு நின்றுவிடும். ஆட்டுக்கறிப் பொட்டலம் குளிர்பெட்டிக்குப் போகும். மறுநாள் வேலையிடத்தில் பகல் சாப்பாடு அதுதான். எனக்கு ஆட்டுக்கறி பிடிக்காது. வெள்ளையாக உறைந்த கொழுப்பை வழித்துவிட்டுத் தின்றேன். சோற்றைக் கொட்ட மனம் வரவில்லை.

மின்தூக்கியில் ஆறாம் மாடி அக்கா ஒருநாள் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர பாக்கவே முடியலையே. சிங்கப்பூர் வேலையா?"

"ஆமாக்கா. நைட் ஷிப்ட்டு."

"குடுத்து வச்சவங்க லா நீங்க. எங்க ஆளு பகல் பூரா வீட்லயே கெடக்கு. ரிமோட்ட கையிலேருந்து புடுங்கணும்னா ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பொய் ஒரு போர்வை மாதிரி இருந்தது.

மகளுக்கும் கற்றுத் தந்தேன். அவளுக்கு நான்கு வயது. வாசலில் இருப்பது யார் சப்பாத்து என்று கேட்டாள். அப்பாவுடையது என்றேன், உண்மைதானே. யாராவது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், அப்பா தூங்குகிறார் என்று சொல்ல வேண்டும் என்றேன். அடுத்த வாரமே மின்தூக்கியில் தெரியாத ஆள் ஒருவர் குனிந்து கேட்டபோது, "அப்பா இருக்காரு, தூங்குறாரு, எழுப்புனா அடிப்பாரு" என்றாள். கடைசிச் சொற்கள் நான் கற்றுத் தந்தவை அல்ல.

ஒரு புதன்கிழமை தம்போயிலிருந்து அவர் மாசாய்க்கு வந்தார். அன்று நான் தொழிற்சாலை பஸ்ஸில் போயிருந்ததால் கீழே நின்ற என் மோட்டார் சைக்கிளை அடையாளம் கண்டுகொண்டு, கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி சொல்லி, அந்த மோட்டாரில் வரும் பெண் எந்த மாடி என்று கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறார். கடைக்காரருக்கு அந்த முகத்தைப் பிடிக்கவில்லை. தனியாக வரும் பெண்ணைப் பற்றி விசாரிக்கும் ஆண்களைப் பார்த்தவர் அவர். என்னைக் காப்பாற்ற நினைத்தார். அதனால் சொன்னார்: "அந்தத் தங்கச்சியா? அது புருஷனோட இருக்கு தம்பி. தெனம் ரெண்டு பொட்டலம் வாங்கிட்டுப் போகும். அவருக்கு ஆட்டுக்கறி, கொழம்பு கெட்டியா, மொளகா தனியா. கோவக்கார ஆளாம், பாத்து இருந்துக்க."

என் கணவரிடமே என் கணவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நான் இரண்டு பொட்டலங்களோடு மேலே போனேன். இரும்புக் கதவின் பூட்டைத் திறந்தபோது முதுகில் விழுந்தது, கையா தலைக்கவசமா என்று தெரியவில்லை. உள்ளே விழுந்தேன். கீழேயிருந்து எனக்குத் தெரியாமல் பின்தொடர்ந்த அவர் பின்னாலேயே உள்ளே வந்தார்.

"எங்கடி அவன்?"

"யாரு?"

"ஆட்டுக்கறி திங்கிறவன்."

தலைக்கவசத்தால் வாயில் அடித்தார். ஒரு பல் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. குளியலறைக் கதவை உதைத்துத் திறந்தார், யாரும் இல்லை. அலமாரியைத் திறந்தார். ஆள் நுழைய முடியாத சமையலறைப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார். ஒவ்வோர் இடத்திலும் யாரும் இல்லாததற்கு என்னிடம் திரும்பி வந்து ஓர் அடி. தரையில் பொட்டலம் பிரிந்து ஆட்டுக்கறி சிதறிக் கிடந்தது. என் முடியைப் பிடித்து அதன் மேல் முகத்தைத் தேய்த்தார். "தின்னு. அவனுக்குப் போடுறத நீ தின்னு." நான் அதைத்தான் தினமும் தின்கிறேன் என்று சொல்ல வாயில் இடம் இல்லை.

மிளகாய் இடிக்கும் கல் கைக்கு எட்டியது. அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது, அதை எழுதாமல் விட முடியவில்லை. முடியை விட்டுவிட்டு வாசலுக்குப் போனவர், மறு கையால் சப்பாத்து ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார், அதாலேயே அடிக்க. ஓங்கிய கை நின்றது. சப்பாத்தின் நாக்கில் தீப்பொறி விழுந்து பொசுங்கிய ஓட்டை. அவருக்குத் தெரிந்த ஓட்டை. உள்ளே எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்னோடது."

"ஆமா."

"யாருமே இல்லையா?"

"இல்ல."

இத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். என்னைப் போன்றவர்கள் எப்போதும் செய்யும் தவறு அது, உண்மை தெரிந்தால் அடி நின்றுவிடும் என்று நம்புவது. "என் சப்பாத்த வச்சு ஊர ஏமாத்துறியா" என்று அதே இரும்பு முனையால் புருவத்தில் அடித்தார்.

எதிர் வீட்டு மலாய் அக்கா வாணலியை இரும்புக் கதவில் போட்டு அடித்து, போலீஸ் வந்துவிட்டது என்று மலாயில் கத்தினார். வரவில்லை. ஆனால் என் கணவர் ஓடினார், ஓடும்போது சப்பாத்தை மாடியிலிருந்து கீழே எறிந்துவிட்டு.

புருவத்தில் தையல் போட்டார்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதினேன். இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் மேலே வந்தார், கையில் அந்த ஒற்றைச் சப்பாத்தோடு. வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"புருஷன் இருக்கான்னு சொன்னா போயிருவான்னு நெனச்சேன் தங்கச்சி. அவனேதான் புருஷன்னு எனக்கு எப்புடித் தெரியும்."

"உங்க மேல தப்பில்லண்ணே."

சப்பாத்தைக் கை மாற்றிப் பிடித்தார். "அப்ப அந்த ஆட்டுக்கறி யாருக்கு?"

"எனக்குத்தான். மறுநாளைக்கு."

"புடிக்குமா?"

"புடிக்காது."

அவர் சப்பாத்தை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

யாருமே இல்லை என்று என் கணவருக்குக் கண்ணால் பார்த்துத் தெரியும். ஆனாலும் அடுத்த மாதம் அவருடைய வக்கீல் நீதிமன்றத்தில் சொன்னது, நான் வேறோர் ஆணோடு வாழ்கிறேன், பெண் குழந்தைக்கு அந்த வீடு ஏற்றதல்ல என்பது. வாசலில் ஆண் சப்பாத்து, தினமும் இரண்டு பொட்டலம், நைட் ஷிப்ட்டு போகும் கணவர் என்று நானே மாடி முழுக்கச் சொன்னது. எல்லாம் நான் கட்டியவை. அவர் வெறுமனே சுட்டிக்காட்டினார். சமூகநல அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து, குழந்தையிடமும் பேசி அறிக்கை தர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகளிடம் அதிகாரி கேட்கப்போவது நான் பாடம் சொல்லித் தந்த அதே கேள்வியை. அப்பா தூங்குறாரு என்று அவள் சொன்னால் அவள் என் கையை விட்டுப் போவாள். உண்மையைச் சொல் என்று மாற்றிச் சொல்லித் தந்தால், அடுத்த வாரம் மின்தூக்கியில் தெரியாத ஆளிடமும் உண்மையைச் சொல்வாள். நல்லவர்கள் யார், கெட்டவர்கள் யார் என்று நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது? எனக்கே அந்தக் கணக்கு ஒருமுறை தப்பியிருக்கிறது. சொல்லித் தந்தால், அம்மா சொல்லித் தந்தது என்றும் அதிகாரியிடம் சொல்லிவிடுவாள். கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அவளைக் கொண்டுவந்து விட்டபோது தலை வாரிவிட்டேன், காதின் தழும்பை முடியால் மறைத்தேன், பிறகு மறைக்காமல் விட்டேன்.

அதிகாரி தமிழ்ப் பெண். வாசலில் தன் செருப்பைக் கழற்றியபோது அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். உள்ளே வந்து என் புருவத்தைப் பார்த்தார். தரையிலேயே உட்கார்ந்து மகளின் வண்ணப் பென்சில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"இந்த வீட்டுல யாரு யாரும்மா இருக்கீங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பி அடுப்பைப் பார்த்தேன். கை இரண்டும் முந்தானைக்குள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருந்தன.

"அம்மா," என்றாள். "நானு." விரலை மடக்கி யோசித்தாள். "சப்பாத்து."

"சப்பாத்தா?"

"ம். அப்பா சப்பாத்து. அப்பா இல்ல. அது வெளியிலதான் இருக்கும். உள்ள வந்தா அம்மா திட்டும்."

"அப்பா எங்க?"

"அப்பா அந்த வீட்டுல. இங்க வந்தா அம்மாவ ஒடச்சிருவாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். அதன் பிறகு எல்லாவற்றையும் நானே சொன்னேன், பொட்டலத்திலிருந்து ஆரம்பித்து. அவர் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, அந்தச் சப்பாத்தைத் தன் காலாலேயே மெல்லத் திருப்பி வைத்தார், இரும்பு முனை கதவைப் பார்க்கும்படி.

"வெளிய பாத்து வச்சா கெளம்பப் போற ஆளு மாதிரி இருக்கு," என்றார். "உள்ள பாத்து வைங்க. இப்பத்தான் வந்த ஆளு மாதிரி இருக்கும்."

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

வழக்கு முடியும்வரை மகள் என்னோடு இருக்கலாம், அவள் அப்பா எங்களை நெருங்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. மகளைப் பகலில் எதிர் வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். இப்போதும் இரண்டு பொட்டலம்தான் வாங்குகிறேன், ஆட்டுக்கறி கிடையாது, ஒன்றில் காரம் கிடையாது. கடைக்காரர் எத்தனை என்று கேட்பதில்லை. இடிக்கும் கல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலை முடிந்து மேலே வரும்போது நடைவழியின் முனையிலேயே ஒருமுறை நின்று, சப்பாத்தின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிறேன். நான் வைத்தபடியே கதவைப் பார்த்திருந்தால், யாரும் வந்து தொடவில்லை என்று நடக்கிறேன்.