குளோரியின் சிவப்புக்கல் மோதிரம்

குளோரிக்குக் கோபம் வந்தால் மீன் விலை ஏறும். இது வடசேரிச் சந்தைக்கே தெரியும். பக்கத்து இடத்தில் உட்கார்ந்து மீன் விற்கிற எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவளுக்குக் கோபம் வரவழைப்பதற்கென்றே பிறந்தவர் அவள் கணவர் கிளீட்டஸ்.

2012இல் அவர்கள் கல்யாணத்துக்கு வெள்ளிவிழா வந்தது. எங்கள் கோயிலில் வெள்ளிவிழாப் பூசையன்று புருசனும் பெண்டாட்டியும் மறுபடி மோதிரம் மாற்றிக்கொள்வார்கள். கிளீட்டஸின் மோதிரம் பத்திரமாக இருந்தது. குளோரிக்குத்தான் இல்லை. துபாயில் வேலை பார்க்கும் மகன் ஜெஃப்ரின் அம்மாவுக்கென்று ஒரு சிவப்புக் கல் கொடுத்துவிட்டிருந்தான். அதை மோதிரத்தில் வைக்கக் கோட்டாற்றுக்குப் போனோம். நியாயம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

நகைக்கடைக்காரர் சிவதாணு இரண்டு மாதிரி எடுத்து வைத்தார். ஒன்றில் நான்கு சின்னக் கொக்கிகள் கல்லை உயரத் தூக்கிப் பிடிக்கும், அடிப்பக்கம் திறந்திருக்கும். மற்றதில் கல்லைச் சுற்றித் தங்கத்தை மடித்து, விரலோடு ஒட்டினாற்போல் அடைத்திருக்கும். கல்லை இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்து விளக்குக்குக் காட்டினார். கொக்கியில் நின்றபோது கல் எரிந்தது. அடைத்ததில் வைத்தபோது கறுத்துச் சிறுத்துப்போனது.

"அடியில வெளிச்சம் ஏறணும்க்கா. அடைச்சா கல்லு அடங்கிப் போவும்," என்றார் சிவதாணு.

"கொக்கியே இருக்கட்டும்," என்று கிளீட்டஸ் முடித்துவிட்டார்.

"எனக்கு அடைச்சது மதி, அதுவே போரும்," என்றாள் குளோரி.

"ஏட்டி, ஒனக்குக் கண்ணு தெரியலியா? இருவத்தஞ்சு வருசமா ஒங் கையில மீன் செதும்பலத்தான் எல்லாரும் பாத்திருக்காவ. ஒரு நாளாவது இதப் பாக்கட்டும்."

"ஒரு நாளு பாத்தா மதியா? கொக்கிக்குள்ள செதும்பலு ஏறும், சீலையில மாட்டும். பெறவு கழத்திப் பெட்டியில வைக்கணும். கல்யாண மோதிரத்த அப்பிடித்தான வச்சேன்? சுனாமி பெட்டியோட கொண்டு போச்சு. கையில கெடந்திருந்தா என்கூட இருந்திருக்கும்லா?"

அந்த மோதிரத்துக்காக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. வீடு போச்சு, வள்ளம் போச்சு என்று ஊரே அழுதுகொண்டிருந்தபோது ஒரு மோதிரத்துக்கு அழ வெட்கப்பட்டிருப்பாள்.

அடைத்த மோதிரமே செய்தார்கள். கிளீட்டஸுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பூசையில் அதை அவள் விரலில் போடும்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "நல்ல கல்லக் கொன்னுட்டா," என்று விருந்தில் என்னிடம் முணுமுணுத்தார். பாவமாக இருந்தது. பெண்டாட்டியின் கையை நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டுமென்று ஆசைப்பட்ட மனிதர்.

மறுநாள் சந்தையில் வந்து நின்றார். அவர் அங்கே வருவதே அபூர்வம். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டாளா என்று பார்க்க வந்திருக்கிறார், எனக்குத் தெரியாதா? குளோரி அவரைக் கண்டுகொள்ளாமல் சாளை மீனை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐஸும் மீனுமாய் வெள்ளை வெளேரென்று கிடந்த குவியலுக்குள் அவள் கை போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைக்கு நடுவில் கல் அப்படிச் சிவந்தது. கடை விளக்கில், கொக்கியில் நின்றபோதுகூட அது அவ்வளவு அழகாக இல்லை.

கிளீட்டஸ் குனிந்து பார்த்தார். "கடையில இப்பிடித் தெரியலியே."

"கடையில சாளை இல்லியே," என்றாள் குளோரி. "தள்ளி நில்லுங்க, ஆளுவ வரணும்."

அவர் தள்ளி நின்றார். ஆனால் போகவில்லை, கூடை காலியாகும்வரை அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வந்தவர்கள் கேட்ட விலைக்கெல்லாம் குளோரி சாளையைக் கொடுத்தாள். என் வியாபாரம்தான் படுத்துவிட்டது.