தலைவலிக்குச் சாட்சி

1970-ம் வருஷம் என்று நினைவு. கேழ்வரகு அறுப்பு முடிந்திருந்த நேரம். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கிராமத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் முதல் பஸ்ஸைப் பிடித்து, கிருஷ்ணகிரியில் மாறி, பெங்களூருக்குப் போனோம். அங்கே ராணுவ டாக்டர்கள் அவரை மறுபடி பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அவருடைய தலைவலி பட்டாளத்தால் வந்ததா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

அறுபத்தைந்து பாகிஸ்தான் சண்டையில் பக்கத்தில் குண்டு விழுந்து தூக்கி எறியப்பட்டவர் அவர். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு அடிக்கடி தலைவலி. வந்தால் பாதித் தலை பிளக்கும், வாந்தி எடுப்பார், வெளிச்சம் கண்ணில் பட்டாலே சுருண்டுவிடுவார். டியூட்டியில் இரண்டு மூன்று தடவை சுருண்டு விழுந்ததும், அதைக் காரணம் காட்டித்தான் பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊனத்துக்கான பென்ஷன் கேட்டபோது மட்டும், அது ராணுவ வேலையால் வந்ததில்லை என்று தள்ளிவிட்டார்கள். எங்கள் பங்குச் சாமியார்தான் இங்கிலீஷில் அப்பீல் எழுதிக் கொடுத்தார்.

கால் போனவரைப் பார்த்தால் ஊர் உச்சுக் கொட்டும். தலைவலி யார் கண்ணுக்குத் தெரியும்? "தலைவலிக்குப் பென்சனா? அப்ப மாமியாகிட்ட குடித்தனம் பண்ற பொம்பளைங்க அத்தன பேருக்கும் குடுக்கோணுமே" என்று கிணற்றடியில் கேலி பேசுவார்கள். நானும் சிரித்து வைப்பேன், வயிறு எரியும். எங்களுக்கு இருந்தது மானாவாரி நிலம். வெயிலில் நிற்க முடியாத மனிதரை வைத்துக்கொண்டு அதில் என்ன வெள்ளாமை செய்வது? அப்பீலும் தள்ளுபடியானால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் என் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, நான் பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போவதாக இருந்தேன். அதை நினைத்தாலே சோறு இறங்காது.

அவரோ முந்தின நாளெல்லாம் சட்டைக்கு இஸ்திரி போட்டார், பூட்ஸுக்கு பாலிஷ் போட்டார், மீசையை முறுக்கினார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு ஜோராக வரவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவர் மட்டும் உள்ளே போனார். போன வேகத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னங்க கேட்டாங்க?"

"எப்பிடி இருக்கேன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டீக் ஹை சாப்னு சொன்னேன். நல்லா இருக்கேன்னு."

"தலைவலின்னு சொல்லலீங்களா?"

"ஆபீசர் முன்னால நின்னுக்கிட்டு தல வலிக்குது, வவுறு வலிக்குதுன்னு அழச் சொல்றியா? நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பையனா?"

முதல் தடவை ஏன் தள்ளினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. "நீங்கெல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டுவிட்டு, திறந்திருந்த கதவுக்குள் நேராக நுழைந்துவிட்டேன்.

உள்ளே வயதான ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். யார் இந்த அம்மா என்று வாசலில் நின்ற ஆளிடம் கன்னடத்தில் கேட்டார். எனக்குப் பிறந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். "ஸ்வாமி, இவரு சுள்ளு ஹேள்தாரெ" என்றேன். ஐயா, இவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். என்னை இழுத்துப் போக ஓடி வந்த என் வீட்டுக்காரருக்கு அந்த அளவுக்குக் கன்னடம் தெரியும். முகம் கறுத்துப்போய் அப்படியே நின்றுவிட்டார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குப் பக்கத்தில் படுத்தே தெரிந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். ஜன்னலுக்குச் சாக்கு கட்டுவதைச் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாது என்று துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வார், அந்தத் துண்டுகளை நான்தான் துவைக்கிறேன், எல்லாம் நடுவில் கிழிந்திருக்கின்றன என்றேன். சண்டைக்கு முன்பும் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். கல்யாணமான புதிதில் லீவில் வந்தபோது உச்சி வெயிலில் நாள் முழுக்க ஏர் ஓட்டியவர் ஸ்வாமி என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து ஹிந்தியில் ஏதோ கேட்டார். உன் மனைவி சொல்வது உண்மையா பொய்யா என்று கேட்கிறார் என்பது எனக்கும் புரிந்தது. அவர் விறைப்பாக நின்றார். அவர் பொய் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. வலியைச் சொல்வது அவருக்கு அவமானம். ஆனால் நேருக்கு நேர் கேட்ட பிறகு ஆபீசரிடம் பொய் சொல்வது அதைவிடப் பெரிய அவமானம். "சச் ஹை சாப்" என்றார். உண்மைதான் ஐயா. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் துடைத்துக்கொள்ளக்கூட கையை எடுக்கவில்லை அந்த மனிதர்.

திரும்பும்போது கிருஷ்ணகிரி வரை என்னோடு பேசவில்லை. அங்கே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அந்தத் துண்டு சங்கதி உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்ங்க" என்றேன். அதோடு சரி.

சில மாதம் கழித்துப் பென்ஷன் சாங்ஷன் ஆகி வந்தது. நான் சித்தாள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகள் எங்களிடமே வளர்ந்தார்கள். ஆனால் நான் மறக்காதது பெங்களூரிலிருந்து வந்த மறு வாரம் நடந்தது. அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "தல வலிக்குது புள்ள" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டது அன்றைக்குத்தான். களி தீய்ந்தால் தீயட்டும் என்று விட்டுவிட்டு, அவர் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வலி கடைசி வரை அவரை விடவில்லை. ஆனால் அதை வாய் திறந்து என்னிடம் சொன்னாரே, வந்த பென்ஷனைவிட அதைத்தான் இன்றுவரை நான் பெரிதாக நினைக்கிறேன்.